பெரிய மாற்றங்களுக்குத் தொழிலையும் சமூகத்தையும் தயார்செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

செயற்கை நுண்ணறிவு, பருவநிலை மாற்றம், முதுமை கூடிவரும் மக்கள்தொகை, கண்டம் விட்டுக் கண்டம் நீளும் விநியோகச் சங்கிலி. இவற்றைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் "சரி, நான் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டுப் பாருங்கள். புதிய தொழில்நுட்பத்தை வாங்குங்கள், எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள் என்பதோடு பெரும்பாலும் பதில் நின்றுவிடும்.

கடந்த 150 ஆண்டு வரலாறு சொல்வது வேறு. புதிய கருவி சீக்கிரமே வந்துவிடுகிறது. அதற்கு ஏற்ப வேலையை மாற்றி அமைக்கவும், மாற்றத்தால் வரும் இழப்பை யார் சுமப்பது என்று முடிவு செய்யவும்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. நல்ல கருவிகளை வாங்கியும் தோற்றுப்போன நிறுவனங்களும், வசதி இல்லாமலேயே பெரிய ஆபத்தைச் சமாளித்த சமூகங்களும் இந்த இரண்டு இடங்களில்தான் பிரிகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் 4, 5 ஆகிய படிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சிறு நிறுவனம் நடத்துபவர், தொழிற்சங்கப் பொறுப்பில் இருப்பவர், உள்ளாட்சியில் இருப்பவர் என யாரும் இதைத் தங்கள் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: எதை நம்பி ஓடுகிறோம் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் நிறுவனமோ ஊரோ எவற்றை நம்பி இயங்குகிறது என்று எழுதுங்கள். மூலப்பொருள், மின்சாரம், தண்ணீர், குறிப்பிட்ட திறமை உள்ள ஆட்கள், ஒரு மென்பொருள், ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர், ஒரு சட்டச் சலுகை என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். இது இல்லாமல் போனால் எத்தனை நாள் தாங்குவோம்? போவதாக இருந்தால் மெல்லப் போகுமா, திடீரென்று போகுமா?

மெல்ல வருகிற மாற்றங்களுக்கு ஆரூடம் தேவையில்லை, கூட்டல் கழித்தல் போதும். இன்னும் 20 ஆண்டுகளில் 65 வயதைத் தொடப்போகிறவர்கள் இன்று 45 வயதில் நம் கண்முன்னே வேலை பார்க்கிறார்கள். ஜப்பானில் இன்று மக்களில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அந்த நிலை வரப்போகிறது என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்கில் தெரிந்த விஷயம்.

திடீரென்று வருபவற்றுக்குத் தேதி தெரியாது, ஆனால் அடி எங்கே விழும் என்று பார்த்துவைக்கலாம். 2011-இல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, டொயோட்டா தனக்குப் பொருள் தருபவர்களை மட்டுமல்ல, அவர்களுக்குப் பொருள் தருபவர்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று உணர்ந்தது. பல அடுக்குகள் கொண்ட பட்டியலைத் தயாரித்தது. எளிதில் மாற்றுக் கிடைக்காத மின்னணுச் சிப்புகளைச் சில மாதங்களுக்குப் போதுமான அளவு இருப்பு வைக்கச் சொன்னது. உலகம் முழுக்கச் சிப்புத் தட்டுப்பாடு வந்தபோது, 2021-இன் முதற்பாதியில் போட்டியாளர்கள் பலர் ஆலைகளை நிறுத்த, டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவந்தது உண்மைதான். ஆனாலும் முன்னேற்பாடு சில மாத அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது. நெருக்கடி நேரத்தில் அவகாசத்தின் மதிப்பு அதிகம்.

படி 2: செய்யும் பொருள் வேறு, கைவந்த திறமை வேறு என்று பிரியுங்கள்

கேமரா ஃபிலிம் விற்று வளர்ந்த அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. கோடாக் டிஜிட்டலைக் கண்டுகொள்ளவே இல்லை என்று பலரும் எழுதுவது சரியல்ல. அது டிஜிட்டலில் பணம் போட்டது, ஒரு கட்டத்தில் கேமராக்களும் நன்றாகவே விற்றன. ஆனால் நிறுவனத்தின் அமைப்பு முழுவதும் ஃபிலிம் தந்த கொழுத்த லாபத்தை ஒட்டி வளர்ந்திருந்தது. அந்த அளவு லாபம் டிஜிட்டல் கேமராவில் கிடைக்கவில்லை.

அதே அடி ஜப்பானின் ஃபியூஜிஃபிலிமுக்கும் விழுந்தது. அவர்கள் தங்களிடம் உள்ள தொழில்நுட்பங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் வேறு எந்தச் சந்தைக்குப் பயன்படும் என்று தேடினார்கள். ஃபிலிமின் முக்கியக் கூறு கொலாஜன் என்ற புரதம், நம் தோலிலும் அது உண்டு. படம் நிறம் மங்காமல் இருக்க அவர்கள் பயன்படுத்திய ஆக்சிஜனேற்றத் தடுப்பு அறிவு, தோல் பராமரிப்புக்கும் உதவியது. ஃபிலிமுக்கு அடித்தளமாக இருந்த மெல்லிய தாள் வகை, எல்சிடி திரைகளுக்குத் தேவைப்பட்டது. மருந்து, மருத்துவப் படமெடுப்பு என்று கிளைகள் விரிந்தன. இந்த வழியில் ஆயிரக்கணக்கான வேலைகளும் போயின என்பதை மறைக்கக் கூடாது. அதைப் பற்றி 5-ஆம் படியில் பேசுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். "நாங்கள் இன்ன பொருளைச் செய்கிறோம்" என்ற வரியை அடித்துவிட்டு, "எங்களுக்கு இவையெல்லாம் நன்றாகச் செய்ய வரும்" என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். வாடிக்கையாளரிடமும் கேளுங்கள். அவர் உங்களிடம் வருவதற்குச் சொல்லும் காரணமும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் காரணமும் பல நேரம் ஒன்றாக இருக்காது.

படி 3: வேலையைக் கூறுகளாகப் பிரித்துப் பாருங்கள்

இயந்திரம் ஒரு பதவியை அப்படியே விழுங்குவது அரிது. பதவிக்குள் இருக்கும் சில வேலைக்கூறுகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். ஏடிஎம் 1967-இல் லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. பணம் எண்ணித் தரும் காசாளர் வேலை ஒழிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் ஒரு கிளைக்குத் தேவைப்பட்ட காசாளர்களின் எண்ணிக்கை குறைந்தது நிஜம். ஆனால் கிளை நடத்தும் செலவும் குறைந்ததால் வங்கிகள் கூடுதல் கிளைகளைத் திறந்தன. காசாளர்கள் பணம் எண்ணுவதிலிருந்து, வாடிக்கையாளரோடு பேசி மற்ற சேவைகளைத் தரும் வேலைக்கு நகர்ந்தார்கள். அந்தப் பதவி சரியத் தொடங்கியது வெகுகாலம் கழித்து, வங்கி வேலையே கைபேசிக்குள் வந்த பிறகுதான்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இப்படியே பாருங்கள். ஒவ்வொரு பதவியிலும் உள்ள வேலைகளை, அதைச் செய்பவரையே உட்காரவைத்துப் பட்டியலிடுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: இயந்திரத்திடம் விடக்கூடியவை, இயந்திரம் செய்து மனிதர் சரிபார்க்க வேண்டியவை, மனிதரே செய்ய வேண்டியவை. இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம். தவறு வந்தால் பொறுப்பு யாருடையது, சரிபார்ப்பவருக்கு அதற்கான நேரமும் "இது தப்பு" என்று நிறுத்தும் அதிகாரமும் இருக்கிறதா என்பதை எழுத்தில் வையுங்கள். இன்னொன்றும் உண்டு. இயந்திரத்திடம் விடும் எளிய வேலைகள்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் தொழில் பழகிய வேலைகள். அவற்றை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை எதில் கை பழகும் என்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

படி 4: கருவியை மட்டும் மாற்றாமல் வேலையின் அமைப்பை மாற்றுங்கள்

எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1900 வாக்கில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்கு சக்தியில் மின்மோட்டாரின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். மோட்டார் வாங்கிய முதலாளிகளில் பலருக்கும் பெரிய லாபம் தெரியவில்லை. ஏன்?

நீராவி இயந்திரம் இருந்த காலத்துத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதிலிருந்து கூரையை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு ஓடும். தண்டிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுழற்றும். தண்டு நீளநீள உராய்வில் சக்தி வீணாகும். எனவே எந்திரங்களைத் தண்டுக்கு அருகே நெருக்கி, மாடிமேல் மாடியாக அடுக்கினார்கள். எந்த எந்திரத்துக்குச் சக்தி அதிகம் தேவையோ அது தண்டின் பக்கத்தில் நின்றது. பொருள் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பது இரண்டாம்பட்சம்.

மின்சாரம் வந்ததும் பலர் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் மாடிக் கட்டடமும் அப்படியே இருந்தன. எரிபொருள் கொஞ்சம் மிச்சமானது, அவ்வளவுதான். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் வைத்தபோதுதான் கதை மாறியது. எந்திரத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. ஒரே தளத்தில் பரந்த கட்டடம் கட்டி, மூலப்பொருள் ஒரு பக்கம் நுழைந்து செய்த பொருள் மறுபக்கம் வெளியேறும்படி வரிசையை அமைக்க முடிந்தது. தலைக்குமேல் தண்டு இல்லாததால் கூரையில் வெளிச்சத்துக்கு வழி கிடைத்தது. ஒரு எந்திரம் பழுதானால் மற்றவை நிற்கவில்லை. உற்பத்தித்திறன் கணிசமாக எகிறியது 1920-களில், அதாவது மின்சாரம் விற்பனைக்கு வந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து.

இன்று காகிதப் படிவத்தை அப்படியே திரைக்கு மாற்றி, அதை அச்செடுத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கும் அலுவலகங்கள் செய்வதும் இதே தவறுதான். புதுக் கருவியை வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஒரு கோரிக்கை உள்ளே வந்ததிலிருந்து முடியும்வரை எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் "இது ஏன் இருக்கிறது?" என்று கேளுங்கள். பழைய கருவியின் குறையைச் சமாளிக்க வந்த கட்டங்களைத் தூக்கிவிடுங்கள். மோசடியைத் தடுக்கவோ ஒருவரின் உரிமையைக் காக்கவோ இருக்கும் கட்டங்களில் கை வைக்காதீர்கள். அப்புறம் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேலை செய்பவர்களைச் சேர்க்காமல் இதைச் செய்தால் உருப்படாது. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2007-இல் ஒரு சோதனை நடந்தது. பத்தாண்டு கழித்து ஆலையின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னது. சரி, இப்போதே அந்தச் சராசரி வயதுள்ள ஒரு குழுவை ஒரு உற்பத்தி வரிசையில் நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்பதில் தொழிலாளர்களின் யோசனைகளுக்கே முதலிடம் கிடைத்தது. மரத் தரை, முடிதிருத்தும் நிலையத்தில் இருப்பது போன்ற இருக்கை, சிறு பாகங்களைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி, உயரம் மாற்றக்கூடிய மேசை, வேலைகளைச் சுழற்சியில் மாற்றிக்கொள்வது என்று ஏறத்தாழ 70 சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு 40,000 யூரோ அளவில்தான். ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. உங்கள் சோதனையையும் இதே அளவில் வையுங்கள்: ஒரு பிரிவு, சில மாதங்கள், அளந்து பார்க்கக்கூடிய ஒன்றிரண்டு விஷயங்கள், தோற்றாலும் யார் வயிற்றிலும் அடிக்காத ஏற்பாடு.

படி 5: இழப்பை யார் சுமப்பது என்று முதலிலேயே பேசுங்கள்

பல திட்டங்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. மாற்றத்தால் வரும் லாபம் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். இழப்போ சிலர் தலையில் மொத்தமாக இறங்கும். அந்தச் சிலர் எதிர்ப்பது பிடிவாதத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

1956 ஏப்ரல் 26-இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அதுவரை மூட்டை மூட்டையாக ஆட்கள் ஏற்றி இறக்கிய சரக்கு, அதன்பின் பெட்டியோடு பளு தூக்கியில் ஏறத் தொடங்கியது. உலக வணிகம் இதனால் பெருகியது. துறைமுகக் கூலித் தொழிலாளர்களின் பிழைப்பு அடியோடு ஆட்டம் கண்டது. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் இதை வருமுன்னே பார்த்தது. 1960-இல் துறைமுக முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களைக் கொண்டுவர சங்கம் தடையாக நிற்காது. பதிலுக்கு முதலாளிகள் ஒரு நிதிக்குப் பணம் போட வேண்டும். முழுப் பதிவு பெற்ற தொழிலாளர் யாரையும் இயந்திரத்தைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது. முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புவோருக்கு அந்த நிதியிலிருந்து பணம் வரும். லாபத்தின் ஒரு பங்கு, அதற்காக வேலையை இழப்பவர்களுக்கே போயிற்று. இதில் ஒரு குறையும் இருந்தது. முழுப் பதிவு இல்லாத தற்காலிகத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இன்று ஒப்பந்த ஊழியர்கள் நிறைந்த எந்த நிறுவனமும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் ஊரே, ஒரு பிரதேசமே மாற வேண்டிய நிலையும் வரும். ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரியை நம்பி வாழ்ந்தது. 1950-களின் இறுதியில் நெருக்கடி தொடங்கியது. கடைசிச் சுரங்கமான பிராஸ்பர் ஹேனியல் மூடப்பட்டது 2018 டிசம்பரில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள், ஆட்களை வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள், மூத்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு கொடுத்தார்கள். பொகூமில் 1965-இல் புதிய பல்கலைக்கழகம் திறந்தது. கடைசிச் சுரங்கம் 2018-இல் மூடும் என்பதை 2007-லேயே முடிவு செய்து அறிவித்துவிட்டார்கள். இதற்கு ஆன அரசு மானியம் மிகப் பெரியது. அந்தப் பகுதியில் வேலையின்மை இன்றும் ஜெர்மனியின் சராசரியைவிட அதிகம். ஆனாலும் பிரிட்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் 1984-85 வேலைநிறுத்தம் தோற்றபின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பல சுரங்க ஊர்கள் அந்த அடியிலிருந்து இன்னும் முழுதாக எழவில்லை.

உங்கள் திட்டத்தில் எழுத வேண்டியவை: யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு, எவ்வளவு. இழப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று பதில்கள் இருக்க வேண்டும். எவ்வளவு முன்னதாகச் சொல்வோம்? இடைக்காலத்தில் வருமானம் எங்கிருந்து? அடுத்த வேலை எது? மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் பயிற்சி வகுப்பு நடத்தாதீர்கள். சான்றிதழைக் கொடுத்து வேலை இல்லாமல் அனுப்புவது, ஏற்கெனவே அடிபட்டவரை இன்னொரு முறை ஏமாற்றுவது.

படி 6: எல்லோரும் ஒன்றாக மாற வேண்டியதற்குத் தேதி குறியுங்கள்

சில மாற்றங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய முடியாது. ஸ்வீடனில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடின, அண்டை நாடுகளில் வலப்பக்கம். 1955-இல் பொது வாக்கெடுப்பு வைத்தபோது ஏறத்தாழ 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். நாடாளுமன்றம் 1963-இல் மாறுவது என்று முடிவெடுத்தது. தயாரிப்புக்கு நான்கு ஆண்டுகள் ஒதுக்கினார்கள். சந்திப்புகளையும் சாலைக் குறிகளையும் மாற்றினார்கள், பேருந்துகளின் கதவுகள் மறுபக்கம் வந்தன, பிரசாரம் மூலைமுடுக்கெல்லாம் போனது. 1967 செப்டம்பர் 3 ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு நாடே பக்கம் மாறியது. ஆரம்பத்தில் விபத்துகள் குறையவே செய்தன, எல்லோரும் கவனமாக ஓட்டியதால். அந்த விளைவு நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் எண்ணிக்கை பழையபடி ஆனது. ஆனால் மாற்றம் நின்றது.

தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள், தயாரிப்புக்கு நேரம் கொடுங்கள், பிறகு தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த தேதியை யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: கடைசி ஆள்வரை போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்

இன்றைய வங்கதேசக் கரையில் 1970-இல் வந்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆனாலும் 1991 புயல் ஏறத்தாழ 1,38,000 பேரைக் கொன்றது. எச்சரிக்கை வந்தும் பலர் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. போதுமான புகலிடங்கள் இல்லை, இருந்த இடத்தில் பெண்களுக்கு மரியாதையான வசதி இல்லை, கால்நடைகளை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. இறந்தவர்களில் பெண்கள் மிக அதிகம்.

அதன்பின் செய்தவை எளிமையானவை. மற்ற நாட்களில் பள்ளியாக இயங்கும் புகலிடங்கள், பெண்களுக்குத் தனி அறைகள், கால்நடைகளுக்கு மேடான இடம், ஒலிபெருக்கியோடு வீடுவீடாகப் போகும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அந்தத் தன்னார்வலர்களின் எண்ணிக்கை இப்போது 76,000-ஐத் தாண்டும், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020-இல் ஆம்பன் புயலின்போது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வசதி குறைந்த ஒரு நாடு, பெருந்தொற்றுக் காலத்தில், இதைச் சாதித்தது.

உங்கள் சேவை இணையத்துக்குப் போகிறதா? ஸ்மார்ட்போன் இல்லாதவர், பார்வை இல்லாதவர், படிக்கத் தெரியாதவர், கடவுச்சொல் மறந்துபோன முதியவர் ஆகியோரை அழைத்து உங்கள் கண்முன்னே பயன்படுத்தச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே ஒரு மனிதரை நிறுத்துங்கள். "யாரும் வரவில்லை, அதனால் தேவை இல்லை" என்று முடிவு கட்டுமுன், வராமல் போனதற்குக் காரணம் என்ன என்று நேரில் போய்க் கேளுங்கள்.

படி 8: திரும்பிவர ஒரு வழியை வைத்திருங்கள்

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் (கணினிகளைக் கெடுக்கும் நிரல்) மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாட்களில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. யாருக்கு எந்த அனுமதி என்ற விவரம் அடங்கிய முக்கியத் தரவின் பிரதிகள் எல்லாம் அழிந்திருந்தன. கானாவில் ஓர் அலுவலகத்தில் மின்வெட்டு ஏற்பட்டு ஒரு சர்வர் அணைந்துகிடந்ததால், அதிலிருந்த ஒரே ஒரு பிரதி மட்டும் தப்பியது.

நீங்கள் மின்வெட்டை நம்பியிருக்க முடியாது. வலையமைப்போடு இணைக்காத ஒரு பிரதி, அதிலிருந்து உண்மையாகவே மீட்டெடுக்க முடிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனை, கணினி இல்லாமல் சில நாட்கள் வேலையை ஓட்ட ஒரு காகித நடைமுறை. இவ்வளவும் வேண்டும்.

படி 9: ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்காருங்கள்

முதல் படியில் எழுதிய தாளை எடுத்துத் திருத்துங்கள். எதிர்பார்த்தபடி நடக்காதவற்றை, அவற்றில் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் வாயாலேயே கேளுங்கள். கூட்டத்தில் பேசத் தயங்குபவர்கள் எழுதித் தர வழிசெய்யுங்கள். நிறுத்த வேண்டிய ஒரு பழைய நடைமுறையையாவது ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்து, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று அறிவியுங்கள். புதிதாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் பழையதை எடுக்காமல் விட்டால், இரண்டின் சுமையும் அதே ஆட்கள் மேல்தான் விழும். 5-ஆம் படியில் கொடுத்த வாக்குறுதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்று சம்பந்தப்பட்டவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.